கிருபையா, அருளா?

அடி அண்ணாமலைப் பக்கம் குடிவந்த பிறகு காலை நடைக்கு எனக்கு ஒரு துணை கிடைத்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தீட்சை வாங்கிய சைவர். ஐந்தரை மணிக்கெல்லாம் நெற்றி நிறையத் திருநீறோடு கிரிவலப் பாதையில் வந்து நிற்பார். நான் லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'ஐயா' என்பேன். இருவருக்கும் முழங்கால் வலி உண்டு. பதினான்கு கிலோமீட்டர் சுற்றுகிற காலமெல்லாம் போய்விட்டது. ஆதி அண்ணாமலையார் கோயில் வரை நடந்து, மாணிக்கவாசகர் கோயில் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம்.

திருவெம்பாவையும் திருவம்மானையும் மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடியவை என்பது மரபு. அந்த நினைவாகத்தான் அவருக்கு இங்கே தனிக்கோயில். மார்கழி மாதத்தில் ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஐயா கேட்டார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பைபிள்ல எதுக்குக் கிருபை கிருபைன்னு போட்டு வெச்சிருக்காங்க? அருள்னு ஒரு நல்ல சொல்லு இருக்குதே. இதோ இவரு வாய் ஓயாமப் பாடிட்டுப் போன சொல்லு. அது உங்க ஆளுங்க காதுல விழலியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுபத்தைந்து வயது தாண்டியும் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. "தேவ கிருபையால நல்லா இருக்கோம்" என்று ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்லி வளர்ந்த வீடு எங்களுடையது. மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அதில் கிடைத்ததையும், அதைத் தொட்டு எனக்குள் கிளறிக்கொண்டு வந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'உங்க ஆளுங்க காதில் விழவில்லையா' என்றால், விழுந்தது. கத்தோலிக்கர் காதில் எப்போதோ விழுந்துவிட்டது. 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கீசியத் துறவி தனக்கு வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் அருளானந்தர். யோவான் என்ற பெயரை அவர்கள் அருளப்பர் என்று எழுதினார்கள். இது சும்மா வைத்த பெயர் இல்லை. எபிரேயத்தில் யோவான் என்றாலே 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்றுதான் பொருள். அத்தனை அழகான மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருந்தவர்களே ஜெபத்தில் வேறு விதமாகச் சொல்லிவந்தார்கள். இன்று 'அருள் நிறைந்த' என்று வருகிற இடத்தில் பழைய ஜெபத்தில் இருந்த சொல் 'பிரியதத்தம்'. ஞானோபதேசத்தில் 'இஷ்டப்பிரசாதம்'. என்னோடு வேலை பார்த்த ஒரு கத்தோலிக்க நண்பரின் பாட்டி கடைசி வரை பிரியதத்தத்தை விடவில்லை.

எங்கள் பக்கம் கதை வேறு. சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1714, 1715இல் அச்சேறியது. அவருக்குப் பின் பப்ரிசியுஸ் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்தது. நாங்கள் இன்றும் கையில் வைத்திருப்பது அதுதான். கடவுளின் பெயர்கூட வழியில் மாறிக்கொண்டே வந்தது. சீகன்பால்குக்குச் சர்வேசுரன், பப்ரிசியுசுக்குப் பராபரன், பவருக்குத் தேவன். ஆனால் விசுவாசம், கிருபை என்ற இரண்டு சொற்களும் எங்கள் சபைகளில் வேரோடிவிட்டன. பவுல் பேசுகிற விடுதலைக்குச் 'சுயாதீனம்' என்று ஒரு சொல். மூன்றும் வடசொற்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இவை நம்பிக்கை, அருள், விடுதலை என்று வருகின்றன. அந்தப் புத்தகமும் என் மேசையில் இருக்கிறது. படிப்பேன், நன்றாகப் புரியும். ஆனால் ஜெபிக்கிறபோது நாக்கு கிருபைக்குத்தான் போகிறது.

ஏன் அருளை விட்டார்கள்? நான் நினைக்கிற காரணம் இது. அருள் என்ற சொல் அவர்களுக்கு முன்பே நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சைவ சித்தாந்தம் அதைத் தன் மையத்தில் வைத்திருந்தது. 'திருவருட்பயன்' என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே உமாபதி சிவாசாரியார் நூறு குறட்பாவில் ஒரு நூல் செய்துவிட்டார். இன்னொரு பக்கம் ஊர்க் கோயிலில் 'அருள் வந்து' ஆடுகிறார்கள். புதிதாக வந்தவன், ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீட்டில் போய் என் சாமானை வைக்கிறேன் என்றால் கொஞ்சம் தயங்கத்தான் செய்வான்.

மறுநாள் இதை ஐயாவிடம் சொன்னேன். சிரித்தார். "காலி வீடுன்னு நினைச்சு வடமொழிக்குப் போனாங்களா? அங்க மட்டும் ஆளில்லையா?" என்றார். நியாயம்தான்.

அந்த வீட்டுக்குள் தைரியமாக நுழைந்து பார்த்த ஒரு கிறிஸ்தவர் உண்டு. ஜி.யு. போப். கனடாவில் 1820இல் பிறந்தவர், 1839இல் சென்னைக்கு வந்தவர். 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் திருவாசகத்தை மொழிபெயர்த்து ஆக்ஸ்போர்டில் வெளியிட்டது 1900இல், எண்பது வயதில். முன்னுரையில் தன் எண்பதாவது பிறந்தநாளைத்தான் தேதியாகப் போட்டிருக்கிறார். வாழ்நாளெல்லாம் பாதிரியாராக இருந்த மனிதர் கடைசிக் காலத்தின் உழைப்பை ஒரு சைவ அடியாரின் கண்ணீருக்குக் கொடுத்தார். அவரை இழுத்தது எது என்று ஊகிப்பது கடினமில்லை. இறைவனை வணங்குவதற்கே இறைவனின் அருள் வேண்டும் என்கிறார் மாணிக்கவாசகர். நாயினும் கடைப்பட்ட தன்னை, தகுதி ஒன்றும் பாராமல், தானே வந்து ஆட்கொண்டான் என்று உருகுகிறார். பவுலைப் படித்தவன் இதைப் படித்தால் திடுக்கிடத்தான் வேண்டும்.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார் ஐயா.

ஒன்று என்று சொல்லிவிட்டால் நடை சுகமாக முடிந்திருக்கும். ஆனால் இரண்டு பேருக்குமே அது முழுத் திருப்தி இல்லை. அவரே விளக்கினார். ஆன்மாவின் மலம் பக்குவப்பட வேண்டும், நல்வினை தீவினை இரண்டிலும் மனம் ஒத்த நிலைக்கு வர வேண்டும், அப்போது சத்திநிபாதம் என்ற அருள் வீழ்ச்சி நடக்கும். அருள் எப்போதும் பொழிந்துகொண்டுதான் இருக்கிறது, பழம் பழுக்கிற நேரத்தில் காம்பு விடுகிறது. அந்தப் பக்குவத்தைக் கொண்டுவருவதும் அருள்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். வைணவத்தில் இதையே குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று பிரித்து வடகலையும் தென்கலையும் வாதாடின. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும்.

லுத்தர் சொன்னது பூனைக்குட்டிக்கும் ஒரு படி மேலே. காய் காயாக இருக்கும்போதே, ஏன், அழுகிக் கிடக்கும்போதே அருள் வருகிறது என்றார் அவர். துறவி மடத்தில் நோன்பும் பாவசங்கீர்த்தனமுமாக உடம்பை வருத்தி, பக்குவம் வந்ததா வந்ததா என்று தன்னையே பிடித்துப் பார்த்துச் சலித்தவர். பக்குவம் வந்த பிறகுதான் என்றால் எனக்கு எப்போதுமே வராது என்ற பயத்திலிருந்து பிறந்தது அவருடைய போதனை. 1520இல் அவர் எழுதிய 'கிறிஸ்தவனின் சுயாதீனம்' பற்றிய சிறு நூலின் சாரம் இதுதான்: விசுவாசத்தினால் கிறிஸ்தவன் எவனுக்கும் அடிமை இல்லை, அன்பினால் எல்லோருக்கும் வேலைக்காரன்.

எனக்கு இது புரிந்தது வேதபாட வகுப்பில் இல்லை, கூட்டுறவு வங்கியின் கவுண்டரில். நான் ஓய்வு பெற்ற 2006ஆம் ஆண்டுதான் தமிழ்நாட்டில் கூட்டுறவு விவசாயக் கடன்கள் தள்ளுபடியாயின. பாக்கி வைத்தவர்கள் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அது எனக்கு நினைவில்லை. நினைவில் நிற்பது, தவணை தவறாமல் கட்டி முடித்திருந்த ஒரு பெரியவர். துண்டை உதறிக்கொண்டு வந்து, "பொண்டாட்டி தாலியை வெச்சு நான் கட்டுனேன். கட்டாதவனுக்கு நீங்க சும்மா எழுதிக் கொடுத்துட்டீங்க. அப்ப நான் என்ன முட்டாளா?" என்று கேட்டார். பதினோராம் மணி வேளையில் வந்த கூலியாளுக்கும் காலையிலிருந்து வெயிலில் வெந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத்தோட்டக்காரனின் உவமை மத்தேயுவில் இருக்கிறது. அதில் முறுமுறுக்கிற கூலியாளின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். கிருபை கேட்பதற்கு இனிமையான சொல். கட்டி முடித்தவனுக்கு அது அநியாயம்.

ஐயாவுக்கு இந்த உதாரணம் பிடித்திருந்தது. "அப்போ உங்க சபையில கட்டி முடிச்சவன் என்ன பண்றான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நம் ஊர்ச் சபைகளில் கட்டி முடித்தவனுக்கும் பாக்கிக்காரனுக்கும் இடையே இருந்த கோடு சாதி. தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே வேளாளர் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பது முறையாகவே இருந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று எழுத்தில் உத்தரவிட்டார். தஞ்சாவூரில் பெரிய கொந்தளிப்பு. அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, எங்கள் வீட்டில் இன்றும் பாடப்படுகிற கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார், புதிய மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டிருக்கிறார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளைக் கட்டாயமாகக் கலப்பது, பூக்களை விலக்குவது, தமிழ்ப் பாட்டுகளைத் தடுப்பது. முதலாவதும் நான்காவதும் படிக்கும்போது கிழவர் பக்கம் சாய்கிறேன். இரண்டாவதில் தலை குனிகிறது. ஒரே மனிதர், ஒரே பட்டியல்.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் இன்னும் ஒரு படி போயிற்று. உபதேசிமார் எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. பலர் வேலையை விட்டுப் போனார்கள். தஞ்சாவூரில் ஆங்கிலிக்கன் கண்டிப்புக்குத் தப்பியவர்களை லைப்சிக் லுத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது. அப்போது தஞ்சாவூரில் இருந்தவர் வேறு யாருமில்லை, போப்தான். 'லுத்தரன் ஆக்கிரமிப்பு' என்ற பொருளில் தலைப்புப் போட்டு 1853இல் தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு ஒரு காரமான கடிதத்தை அச்சிட்டார். திருவாசகத்துக்கு உருகிய அதே கைதான்.

லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் சாமானியர் இல்லை. தமிழ் கற்றவர், குறளை 1856இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர். அவருடைய வாதத்தை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதி பெரும்பாலும் உலக வழக்கம், சுவிசேஷம் உள்ளே வேலை செய்தால் அது தானாக உதிரும், 'சேர்ந்து சாப்பிட்டுக் காட்டு' என்று கட்டளை போட்டால் கிருபையின் இடத்தில் மறுபடி ஒரு நியாயப்பிரமாணத்தை வைக்கிறீர்கள், சுயாதீனம் போய்விடும் என்றார். கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது! லுத்தரின் வார்த்தைகளாகவே இருக்கிறது.

அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இதை ஏற்கவில்லை. கலாத்தியர் நிருபத்தை எடுத்துப் பார்த்தால் அவர் பக்கத்து நியாயம் தெரியும். 'கிரியையினால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமான்' என்ற போதனையைப் பவுல் அந்த நிருபத்தில் எந்த இடத்தில் எடுக்கிறார்? அந்தியோகியாவில் புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் பயந்து எழுந்து தனியே போனார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு முகம் கண்டித்தார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகத்தான் அந்தப் போதனை வருகிறது. இரண்டாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். பிறந்தது பந்தி தகராறில். அப்படிப் பிறந்த போதனையைக் காட்டியே பந்தியைப் பிரித்து வைப்பது என்ன நியாயம்?

ஓக்ஸ் லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்தார். 1861இல் பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற இடத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்த வேரிலிருந்து வந்ததுதான் தென்னாற்காடு, வடஆற்காடு பக்கத்து டேனிஷ் மிஷன் வேலை எல்லாம். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் யார்? ஐயாவே தன் பிள்ளைகளை அங்கேதான் படிக்க வைத்தார். அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு பந்தி தகராறு இருக்கிறது என்று சொன்னபோது ஆச்சரியப்பட்டார்.

"அப்ப நீங்க ஓக்ஸ் கட்சி" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் என் அம்மாவின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும். பாட்டியோடு கோயிலுக்குப் போனேன். பாய் விரித்து உட்காருகிற காலம். எனக்கு விளையாட்டுத் தோழன் ஒருவன் எதிர்ப்பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு முடிவதற்குள் ஒரு கை என் புஜத்தைப் பிடித்துத் தூக்கியது. உறவுக்காரர்தான். கோபமில்லை, திட்டவில்லை. இடம் மாறி வைத்த பாத்திரத்தை எடுத்து வைப்பதுபோல் என்னை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பையன் தலை நிமிரவில்லை. திரும்பி வரும்போது பாட்டியைக் கேட்டேன். உட்காரும்போதும் எழும்போதும் "எல்லாம் கிருபை" என்கிற பாட்டி, "அது மோட்சத்துக்குடா, இது ஊருக்கு" என்றாள்.

கிரவுலின் இறையியல் முழுவதையும் என் பாட்டி நான்கு சொல்லில் சொல்லிவிட்டாள் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அவள் கெட்டவள் இல்லை. பஞ்ச காலத்தில் எந்தச் சாதிக்கும் கஞ்சி ஊற்றிய வீடு அது என்பார்கள். ஊற்றினாள், சேர்ந்து குடிக்கவில்லை.

இதை ஐயாவிடம் சொல்லி முடித்தபோது வெயில் மலைமேல் ஏறியிருந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பக்கம் நந்தனாரு இருக்காரு சார்" என்றார். "அருள் அவருக்கும் கிடைச்சுது. ஆனா தீக்குள்ள இறங்கி, பூணூலோட முனிவரா வெளியே வந்தப்புறம்தான் உள்ளே விட்டாங்க. சின்ன வயசுல கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையைக் கதாகாலட்சேபத்துல கேட்டு அழுதிருக்கேன். எதுக்கு அழுதேன்னு இப்பதான் யோசிக்கிறேன்." அந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சானதும் ஏறக்குறைய ஓக்ஸ் பெத்தானியாவைத் தொடங்கிய அதே காலம்தான். ஒரே காவிரிக் கரையில், ஒரே சமயத்தில், இரண்டு சமயத்தாரும் அருளின் வாசலில் யாரை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

டேனிஷ் மிஷன் வழியாக வந்த இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. எல்.பி. லார்சன், 1889இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தமிழை ஆழக் கற்றவர். 1920களில் ஜி.எஸ். துரைசாமியோடு உட்கார்ந்து தமிழ் வேதாகமத்தை மூலத்தோடு ஒப்பிட்டு, நல்ல நடையில் திருத்தினார். அறிஞர்கள் பாராட்டினார்கள். சபை மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1871 புத்தகத்துக்கே திரும்பினார்கள். எத்தனை ஆண்டு உழைப்பு! ஆனால் மக்கள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. மரணப் படுக்கையில் காதில் ஓதப்பட்ட சொல்லை யாராவது வந்து திருத்தினால் மனம் ஒப்புமா? என் அம்மா இறக்கும்போது நான் வாசித்ததும் அந்தப் பழைய புத்தகம்தான்.

அதனால் ஐயாவின் முதல் கேள்விக்கு என் பதில் இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. அருள் என்றால் எனக்கு இந்த மலை நினைவுக்கு வருகிறது. கிருபை என்றால் அம்மா வருகிறாள், பாட்டி வருகிறாள், கூடவே அந்தப் பாயும் வருகிறது.

சென்ற வாரம் ஐயா என் பழைய வேதாகமத்தைக் கேட்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்துக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் போப்பின் திருவாசகத்தைத் தந்தார். அவர் ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் வாங்கிய மறுபதிப்பு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மாணவர் விடைத்தாளைத் திருத்துவதுபோல் போப்பையும் அங்கங்கே திருத்தியிருக்கிறார்.